தாத்தாவுக்கு வைத்த தண்ணீர்

மைசூர் விஜயநகரில் எங்கள் தெருப் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிற நம் செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே கவலை. சர்க்கரை, பிரஷர், மருமகள் எல்லாம் பழைய கவலை. புதுக்கவலை என்னவென்றால், மொட்டைமாடியில் தண்ணீர் வைத்தால் பறவை வரமாட்டேன் என்கிறது.

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆன்லைனில் பீங்கான் தொட்டி வாங்கியிருக்கிறார். நின்றுகொண்டிருக்கிற தொட்டி. ஸ்டாண்டு எல்லாம் வைத்து, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிற பெண் மாதிரி ஒய்யாரமாக நிற்கிறது. ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. அவர் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னாள்: "பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து 'வா, வா'ன்னு கூப்பிடறார். அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிட்டா நானே போக மாட்டேன், குருவி எப்படிப் போகும்?"

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். தட்டையான பாத்திரம் வையுங்கள். ஆழம் வேண்டாம். உள்ளே ஒரு கல் போடுங்கள், காலூன்றி நிற்க. பக்கத்தில் செடியோ மரமோ இருக்கட்டும், பறவை முதலில் அங்கே உட்கார்ந்து உங்கள் வீட்டை ஆராயும். பூனை பதுங்குகிற மாதிரி இடமாக மட்டும் இருக்கக் கூடாது. தினமும் கழுவி ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்கிறார்கள். புத்தகமாவது ஒன்றாவது. எங்கள் தாத்தாவை வீட்டுக்கு வரவழைப்பதற்காகக் கற்றுக்கொண்டது. அவர் இறந்துபோன பிறகு.

அப்போது நாங்கள் தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன் கட்டில் வீட்டுக்காரர்கள், கன்னடக்காரர்கள். பின் கட்டில் அப்பா, அம்மா, நான். காலையில் கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும். மல்லிகை, கனிந்த வாழைப்பழம், சாணம், ஊதுபத்தி, குளியலறை அண்டாவுக்கு அடியில் தேங்காய் மட்டை எரிகிற புகை எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போகும். சுவரோடு சேர்த்துக் கட்டிய செப்பு அண்டா அது. இங்கே ஹண்டே என்பார்கள். அந்த வெந்நீரில் குளித்தால் தலைமுடியில் பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் புகை வாசம் இருக்கும். எந்தக் கீசரைத் திருகினாலும் இப்போது அது வருவதில்லை. வீட்டை இடித்தபோது அண்டா எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் திருச்சி. தாத்தாவும் ரயில்வேதான், கார்டு. வெள்ளை உடுப்பு, பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, கழுத்தில் விசில். வீட்டிலும் அவர் விசிலுக்குத்தான் எல்லாம் நகரும். அப்பாவுக்குப் பதவி உயர்வோடு மைசூருக்கு மாற்றல் வந்தபோது, "போகாதே, எழுதிக் குடு, நான் ஆளைப் பிடிச்சு நிறுத்தறேன்" என்றாராம். அப்பா முதல்முறையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை. படுக்கையைக் கட்டிவிட்டார். தாத்தா வாசலில் நின்று, "கொடி காட்டியாச்சு. போற வண்டி போகட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் மைசூருக்கு ஒருமுறை கூட வரவில்லை. அப்பா ஊருக்குப் போனாலும் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். அந்தப் பேப்பர் இறங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

திதி கொடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிண்டச் சோற்றை இலையில் வைத்துக் காக்கையைக் கூப்பிட வேண்டும். காக்கை வந்து எடுத்தால் போனவர் வந்து ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அது வாய் வைக்கிற வரை வீட்டில் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் காக்கை வரவில்லை. முதல் வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. வடை ஆறி, பாயசத்தில் ஆடை படிந்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு ஐயர் "பசுவுக்குக் கொடுத்துடுங்கோ, தோஷமில்லை" என்பார். சந்தில் எப்போதும் ஒரு பசு நிற்கும். அது நாக்கை நீட்டி ஒரே வாயில் காரியத்தை முடித்துவிடும்.

அன்று ராத்திரிக்குள் திருச்சியிலிருந்து பெரியப்பாவின் டிரங்கால் வரும். போன் முன் கட்டில் வீட்டுக்காரம்மாவிடம்தான். அவள் "திருச்சி! திருச்சி!" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கத்துவாள். பெரியப்பாவுக்கு போனில் பேசுவதென்றால் திருச்சியிலிருந்து மைசூருக்குக் கேட்கும்படி பேச வேண்டும் என்று எண்ணம். அதனால் சந்துக்கே கேட்கும்.

"இங்க இலை போடறதுக்குள்ள வந்து உக்காந்துட்டாருடா! அங்க?"

"பசுவுக்குக் குடுத்தோம்ணே."

"பசுவுக்கா? கார்டா இருந்த மனுஷன் எப்படா பசுமாடானாரு?"

அப்பா போனை வைத்துவிட்டு வீட்டுக்காரம்மாவைப் பார்க்காமல் திரும்பி நடப்பார்.

மூன்றாவது வருஷம் திதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே டிரங்கால் வந்துவிட்டது. "இந்த வருஷம் நானே வரேன். அண்ணன் தம்பி சேந்து உன் வீட்டுலயே குடுப்போம். வராரா வரலையான்னு என் கண்ணால பாத்துடறேன்."

அன்று அப்பா காப்பி குடிக்கவில்லை. அம்மா, "அத்தான் வந்தா வரட்டுமே, சாப்பாடு போட மாட்டோமா?" என்றாள்.

"அண்ணன் வர்றது இல்ல விஷயம். அவர் நிக்கறப்போ அப்பா வரலேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு டம்ளரைப் பார்த்துச் சொன்னார்: "இதுவரைக்கும் நானே என்னவோ சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன். மார்க்கெட்டு சத்தம், அது இதுன்னு. அண்ணன் பாத்துட்டுப் போயிட்டா, அவருக்குக் கோவம் தீரவே இல்லேன்னு முடிவாயிடும்."

மறுநாள் காலை அம்மா கீரை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். கீரை வாங்கவில்லை. கூரை மேலிருந்த காக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காக்கை பப்பாளித் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று யாரோ போட்ட பூரியைத் தின்ன மனமில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தது. கறிக்கடைப் பக்கம் ஒரு கூட்டம், கல்யாணப் பந்தி மாதிரி.

"பாத்தியா பாப்பா? இதுங்களுக்கு எதுல குறை? இதுங்களைப் போய்ப் பச்சரிசிச் சோத்தைக் காட்டிக் கூப்பிட்டா வருமா?" என்றாள். பிறகு வெயிலைப் பார்த்தாள். பங்குனி வெயில். காக்கைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. "தண்ணி" என்றாள் அம்மா. "இதுங்களுக்கு இல்லாதது தண்ணி."

எனக்குப் பள்ளிக்கூட லீவு. அந்த லீவு முழுக்க என் உத்தியோகம் தாத்தாவுக்குத் தண்ணீர் வைப்பது.

முதலில் ஒரு எனாமல் பேசின் வைத்தோம். வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு, அடியில் பெயர்ந்த இடம் மட்டும் கருப்பு. எனக்கு அது இலங்கை வரைபடம் மாதிரித் தெரியும். கொல்லையில் கொய்யா மரத்தடியில் துவைக்கிற கல்மேல் வைத்து நிரப்பினேன். முதலில் யாரும் வரவில்லை. கல் ஒன்று போட்டுப் பார்த்தேன். சிட்டுக்குருவி வந்தது. அப்புறம் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளினேன். கொண்டைக்குருவி ஜோடியாக வந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டே குளித்தன. மைனா வந்தால் யாருக்கும் இடம் கொடுக்காது, குழாயடியில் முதல் குடம் வைத்தவளைப் போல நிற்கும். புறா வந்தது. பக்கத்து மாமரத்துக் கிளிகள் வந்தன. அணில் தலைகீழாக இறங்கிக் குடித்துவிட்டுப் போனது.

காக்கை மட்டும் வரவில்லை. மதில்மேல் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, பளபளக்கிற பேசினைப் பார்த்துவிட்டுப் போய்விடும். "வாங்காத கிராக்கி மாதிரி விலை கேட்டுட்டுப் போகுது பாரு" என்பாள் அம்மா.

வீட்டுக்காரம்மா வேறு சத்தம் போட்டாள். அந்தக் கோடையில் குழாயில் காலையில்தான் தண்ணீர். அதற்கே வரிசை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றாள். "ஏனம்மா இது? மனுஷருக்குக் குடியோக்கே நீரில்லா, காகெக்கு ஸ்நானமா?" மனுஷருக்குக் குடிக்கவே தண்ணீரில்லை, காக்கைக்குக் குளியலா என்கிறாள்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தா, கொடி, பேப்பர், பசு, வரப்போகிற பெரியப்பா. வீட்டுக்காரம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அய்யோ பாவா. மாவனார் முனிசுக்கிட்டு இருக்காரா?" என்றாள். மாமனார் கோபித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்கிறாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டு அரிசி கழுவிய தண்ணீர் ஒரு குடம் எங்கள் வாசலில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவளும் தன் பக்கத்து மதில்மேல் ஒரு மண்சட்டி வைத்துவிட்டாள். எங்கள் கிளிகள் இரண்டு அங்கே போகத் தொடங்கின. அம்மாவுக்குத் தாங்கவில்லை. "பாவம்னாளே, அது இதுக்குத்தான்."

அப்போது எங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கரண்டு கிரைண்டர் வந்திருந்தது. பழைய ஆட்டுக்கல் வேலை போய் சமையலறை மூலையில் கிடந்தது. சாக்கின்மேல் ஏற்றி, அப்பாவும் வீட்டுக்காரரும் இழுத்துக் கொய்யா மரத்தடியில் போட்டார்கள். கல்லின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாகிவிட்டது. குழியில் தண்ணீர் உச்சி வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. மறுநாள் காலை ஒரு காக்கை வந்து விளிம்பில் உட்கார்ந்தது. சுற்றிலும் பார்த்தது. மூக்கை முக்கி, தலையை உயர்த்தி விழுங்கியது.

நான் ஓடிப்போய், "வந்துட்டாரு! தாத்தா வந்துட்டாரு!" என்றேன். அம்மா கையில் மாவோடு வந்து கதவிடுக்கில் நின்றாள். அடுத்த தடவை அது ஒரு காய்ந்த சப்பாத்தியோடு வந்தது. எந்த ஓட்டலில் எடுத்ததோ. அதைத் தண்ணீரில் முக்கி, ஊறவிட்டு, புரட்டி, மெதுவாகக் கிழித்துத் தின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா! உங்க தாத்தாவுக்கும் பல்லு கிடையாது. எதையும் நனைச்சுத்தான் சாப்பிடுவாரு."

அதிலிருந்து எங்கள் வீட்டில் காக்கைக்கு மரியாதை. அது என்று யாரும் சொல்வதில்லை. அப்பா ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"வந்தாரா?"

"வந்தாருப்பா. ரெண்டு தரம்."

"என்ன சாப்பிட்டாரு?"

"பன்னு."

"சரி, சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தலை சீவிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய் நிற்பார். வீட்டுக்குள் சட்டை போடுகிற வழக்கமே இல்லாத மனிதர். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். நான் சிரித்துவிட்டேன் என்றால் அடிவிழும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அநியாயம் நடந்தது. நாங்கள் சைவம். எப்படிப்பட்ட சைவம் என்றால், கடையில் முட்டைக்கூடை இருக்கிற பக்கமாக நின்று அம்மா பிஸ்கட் கூட வாங்க மாட்டாள். அன்று காக்கை வாயில் நீளமாக ஏதோ தொங்க வந்து இறங்கியது. ஆட்டுக்கல்லில் போட்டது. முக்கியது. புரட்டியது. எடுத்து உறிஞ்சியது. எலும்பு. நல்ல முழு எலும்பு.

அம்மா போட்ட சத்தத்தில் மதில் மேலிருந்த அத்தனை பறவையும் எழும்பியது. "சிவ சிவா! மாவாட்டின கல்லுங்க அது!"

அப்பா மட்டும் சத்தம் போடவில்லை. அந்த எலும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அருவருப்பும் இல்லை. என்னவோ மாதிரி இருந்தது. சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். அவமானம் தாங்காமல் போகிறார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். பெரியப்பா வந்து திதி கொடுக்கிற நாளும் ஞாயிற்றுக்கிழமை. மொஹல்லாவில் கறிக்கடைகள் நிரம்பி வழிகிற நாள். தண்ணீரை எடுத்துவிட்டால் காக்கை வராது. வைத்தால் எலும்போடு வரும். பெரியப்பா எதிரில், ஐயர் எதிரில், பிண்டத்துக்குப் பக்கத்தில்.

அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். எனாமல் பேசினை மறுபடி எடுத்து வந்து சாக்கடை ஓரமாக வைத்தாள். அது அசைவத்துக்கு. ஆட்டுக்கல் சைவத்துக்கு. காக்கை எலும்போடு வந்தால் நான் ஆட்டுக்கல் பக்கம் நின்று கையை வீசி, பேசின் பக்கம் தள்ள வேண்டும். சப்பாத்தியோடு வந்தால் விட்டுவிட வேண்டும். வெறும் வாயோடு வந்தால் கும்பிட வேண்டும்.

காக்கை என்ன செய்தது தெரியுமா? எலும்பை எடுத்துக்கொண்டு நேராக ஆட்டுக்கல்லுக்கு வரும். நான் கையை வீசினால் பறந்து கொய்யாக் கிளையில் உட்கார்ந்து, நான் ஒன்றுக்குப் போகிற வரை காத்திருக்கும். பேசினில் ஒருமுறை கொண்டுபோய்ப் போட்டது, பன்னை. வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "காகெக்கும் மேஜை மாத்தி உக்காரச் சொல்றீங்களா? ஓட்டல் வெச்சிருக்கீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரியப்பா காலை ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, தோளில் துண்டு, முகத்தில் இன்ஸ்பெக்‌ஷன். காப்பி குடிக்கிற நாளில்லை, அதனால் நேரே கொல்லைக்கு வந்தார். ஆட்டுக்கல்லைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார்.

"இது என்னடா?"

"பறவைக்குத் தண்ணிணே."

"ரெண்டு எதுக்கு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "ஒண்ணு காஞ்சா ஒண்ணு இருக்கட்டும்னு, அத்தான்" என்றாள்.

ஐயர் சைக்கிளில் வந்தார். அவருக்கு அன்று இன்னொரு வீடும் இருந்தது. மந்திரம் ரயில் வேகத்தில் போனது. எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் பிடித்து, இலையில் வைத்து மதில்மேல் கொண்டுபோய் வைத்தார்கள். ஆட்டுக்கல்லில் புதுத் தண்ணீர் தளும்பியது. உள்ளே உளுந்துவடை, பாகற்காய், எள்ளுருண்டை, பாயசம். வாசனை குடலைப் பிடித்து இழுத்தது. நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றேன்.

பெரியப்பா "கா... கா..." என்றார். அப்பா ஈர வேட்டியோடு கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

கொண்டைக்குருவி வந்தது. தண்ணீரில் இறங்கிச் சிறகைச் சிலுப்பியது. தவிட்டுக்குருவிக் குடும்பம் வந்தது. மைனா வந்தது. அணில் வந்து பிண்டத்தை மோந்து பார்க்கப்போக, ஐயர் "ஷ்ஷூ!" என்று துண்டை வீசினார். கிளிகள், புறாக்கள், எல்லோரும் வந்தார்கள். ஒரு மாதமாக நான் ஊற்றிய தண்ணீருக்கு நன்றி சொல்ல வந்த மாதிரி வரிசையாக வந்தார்கள். காக்கையைக் காணோம்.

"ஏன்டா, மிருகக்காட்சி சாலையா நடத்தற?" என்றார் பெரியப்பா. "எல்லாரும் வந்தாச்சு. அப்பாவைத்தான் காணோம்."

வெயில் ஏறியது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. மதிலுக்கு அப்பால் வீட்டுக்காரம்மாவும் "கா, கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் கன்னடத்தில் கூப்பிட்டாளோ என்னவோ, அதற்கும் வரவில்லை.

கடைசியில் பெரியப்பா அப்பாவின் தோளில் கையை வைத்தார். கேலி போய்விட்டிருந்தது. "விடுடா. அவருக்கு மனசு ஆறல. நாம என்ன பண்ண முடியும்?"

அப்பா கூப்பிய கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்குப் பசி போய்விட்டது.

"பசு..." என்று ஐயர் வாயெடுத்தார்.

அப்போது மதிலுக்கு அப்பாலிருந்து, "பந்து பிட்டா! பந்து பிட்டா!" என்று ஒரு கூச்சல். வந்துவிட்டார், வந்துவிட்டார் என்று வீட்டுக்காரம்மா குதிக்கிறாள்.

வந்தார். வாயில் எலும்போடு வந்தார்.

சாதாரண எலும்பு இல்லை. இந்த மொஹல்லாவிலேயே நல்ல எலும்பாகத் தேடி எடுத்ததால்தான் இவ்வளவு நேரம் என்று சொல்வதைப் போல ஓர் எலும்பு. ஆட்டுக்கல் விளிம்பில் இறங்கி, அதை டபக்கென்று தண்ணீரில் போட்டார். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் ஓட்டவா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றேன். காக்கை நிதானமாக எலும்பை முக்கியது, புரட்டியது, உறிஞ்சியது. முடித்துவிட்டு ஒரு தாவு தாவி மதில்மேல் ஏறி, பிண்டத்தில் ஒரு வாய் எடுத்தது. மறுபடி இறங்கி எலும்பில் ஒரு வாய். மறுபடி ஏறிச் சோற்றில் ஒரு வாய். சோறும் கறியும் மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுகிற மாதிரியேதான்.

ஐயர் தொண்டையைக் கனைத்தார். "காகம் வந்தது. பிண்டத்தை எடுத்துண்டது. வாயில வேற என்ன இருந்ததுன்னு சாஸ்திரத்துல கேக்கச் சொல்லலை."

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அம்மா பதறிப்போய், "அத்தான், மன்னிச்சுடுங்க, நாங்க எவ்வளவோ தடுத்துப் பாத்தோம்..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பெரியப்பா துண்டை எடுத்தார். கண்ணில் தண்ணீர்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சுப் பிடிக்க முடியாத சிரிப்பு.

"டேய்... ஈரோடு ஜங்ஷன்டா!"

அப்பா விலுக்கென்று திரும்பினார். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஸ்கூல் லீவுல வண்டில கூட்டிட்டுப் போனாரு. இங்கயே நில்லுன்னுட்டு ஸ்டாலுக்குப் பின்னாடி போனாரு. நான் பின்னாலயே போயிட்டேன். மட்டன் சாப்ஸ். எலும்பைக் குழம்புல முக்கி முக்கி உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் பச்சைக்கொடியால வாயைத் தொடச்சிக்கிட்டு, அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாரு."

"என்கிட்ட, தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னாருடா! அரை பிளேட்டு வாங்கிக் குடுத்து வாயை அடைச்சாரு!"

"எனக்கும் அரை பிளேட்டுதான்ணே."

இரண்டு பேரும் ஈர வேட்டியோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் எத்தனை வருஷமாக ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முதல் எலும்பு வந்த அன்று அப்பா எழுந்து போனது அவமானத்தால் இல்லை. தாத்தாவை அடையாளம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஐயர், "எனக்கு இந்தக் காது மந்தம். இலையைப் போடுங்கோ" என்று கூடத்துக்குப் போய்விட்டார்.

பெரியப்பா ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "திருச்சில வர்ற காக்கா வந்த உடனே சோத்தைக் கொத்திட்டுப் போயிடும்டா. அது யாரோ. வருஷா வருஷம் யாரோ ஒருத்தருக்குப் போட்டிருக்கேன். இதுதான் நம்ம அப்பா." பிறகு, "நம்ம வீட்டுல அவரு என்னிக்காவது இப்படி உக்காந்து சாப்பிட்டிருக்காரா? ஸ்டாலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுதானே? உன் வீட்டுக்குன்னா எடுத்துட்டே வந்திருக்காரு" என்றார்.

அப்பா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பந்தி உட்கார்ந்தது. அம்மா பரிமாறினாள். பாகற்காய் வைத்தாள், வடை வைத்தாள். ரசம் ஊற்றப்போனவள் பாதியில் நின்றுவிட்டாள். ஏதோ ஒரு கணக்கு அவளுக்குள் அப்போதுதான் ஓடி முடிந்திருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல ரசத்துல ஒரு பல்லு பூண்டு தட்டிப் போட்டேன்னு, கவிச்சி வீட்டுலேர்ந்து பொண்ணு எடுத்துட்டோம்னு மூணு நாள் என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கலையே, அதே மனுஷனா?"

பெரியப்பா இலையைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார். அப்பா வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மா ரசக் கரண்டியோடு விடுவிடுவென்று கொல்லைக்குப் போனாள். நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். காக்கை இன்னும் ஆட்டுக்கல்மேல்தான் இருந்தது. வயிறு நிறைந்து, தண்ணீர் குடித்து, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் மாமா," என்றாள் அம்மா. மாமனாரிடம் பேசுகிற மாதிரி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் கேட்டாள். "என் பூண்டு ரசம் கவிச்சி. ஈரோட்டு சாப்ஸ் மணக்குதா உங்களுக்கு? அன்னிக்கு எத்தனை அழுதிருப்பேன் நான்? எங்கப்பாவை வரவழைச்சு நிக்க வச்சீங்களே! இப்ப நான் ஆட்டின கல்லுலேயே கொண்டாந்து..."

காக்கை தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டது. மதிலுக்கு மேலே வீட்டுக்காரம்மாவின் தலை தெரிந்தது. இன்னும் நிறைய இருந்தது அம்மாவிடம். பல வருஷத்துப் பாக்கி. குரல் ஏறிக்கொண்டே போனது.

அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து கதவருகில் நின்றார். காக்கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு," என்றார். "இப்பதானே வந்திருக்காரு."